ஃபிஷ் ஷெல்: இடைவெளிக்கு அஞ்சாத ஸ்கிரிப்ட் மொழி

2005-இல் வெளிவந்த, நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளைக் கணினியில் இயக்கும் நிரலான ஃபிஷ் ஷெல்லைப் பலரும் அதன் வண்ணங்களுக்காகப் பாராட்டுவார்கள். என்னைக் கவர்ந்தவை, கட்டளைகளைக் கோப்பாக எழுதிவைக்கும் அதன் ஸ்கிரிப்ட் மொழியும், எழுதியதைப் பகுத்துப் புரிந்துகொள்ளும் பார்சரும்தான்.

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தைப் பின்பற்றும் ஷெல்களில், மேற்கோள் குறி இடாத மாறியின் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயரின்) மதிப்பு இடைவெளிகளில் மீண்டும் உடைக்கப்படுவதால், ‘ஆண்டு அறிக்கை’ என்ற ஒரே கோப்பை அழிக்கச் சொன்னால், கட்டளை ‘ஆண்டு’, ‘அறிக்கை’ என இரண்டு கோப்புகளைத் தேடிப் போகும். ஃபிஷ்ஷிலோ ஒவ்வொரு மாறியும் ஒரு பட்டியல். அதன் உறுப்பு எத்தனை இடைவெளிகளைக் கொண்டிருந்தாலும் சிதையாமல் ஒரே மதிப்பாகவே கட்டளையைச் சென்றடைகிறது. இதிலும் ஒரு கண்ணி உண்டு: பட்டியல் வெறுமையாக இருந்தால் அந்த இடமே மறைந்துவிடும் என்பதால், நிபந்தனைகளைச் சோதிக்கும் ‘டெஸ்ட்’ கட்டளையில் மாறிக்கு மதிப்பு உள்ளதா என்று மேற்கோள் குறியின்றிச் சோதித்தால், உள்ளது என்றே விடை வரும். நான் ஒரு மாலை முழுவதையும் இதில் இழந்திருக்கிறேன்.

பார்சர் கோப்பு முழுவதையும் படித்த பிறகே முதல் வரியை இயக்குகிறது. ஆகவே கடைசி வரியில், கட்டளைத் தொகுதியை முடிக்கும் ‘எண்ட்’ என்ற சொல் விடுபட்டிருந்தாலும் பாதி வேலை நடந்து நிற்கும் அவலம் இல்லை. முற்றுப்பெறாத வரிக்கும் அது தொடரியல் மரம் (வரியின் இலக்கண அமைப்பைக் காட்டும் வரைவு) அமைப்பதால், தட்டச்சு செய்யும்போதே பிழை சிவப்பாகத் தெரிகிறது.

ஃபிஷ்ஷில் போசிக்ஸ் ஸ்கிரிப்ட்கள் அப்படியே இயங்காது, பல வரி உரையை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிக் கட்டளைக்குத் தரும் ஹியர்டாக் வசதியும் இல்லை. 2025-இல் வந்த 4.0 பதிப்பு, சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியிலிருந்து ரஸ்ட் நிரல்மொழிக்கு மாற்றி எழுதப்பட்டது. என் பழைய ஸ்கிரிப்ட்களில் ஒரு வரியைக்கூட அதற்காக மாற்ற நேரவில்லை.