வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை: ஒரு மதிப்புரை

கிறிஸ்தவ இரக்கம் பேச்சோடு நில்லாமல் நடைமுறையாக மாறினால் எப்படியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைத்தான். ஆண் மருத்துவர் வேண்டாமென்று குடும்பத்தார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மாண்டதைக் கண்டு மனம் மாறிய அமெரிக்க மிஷனரிக் குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சிகிச்சையகம் இது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தது.

என்னை அதிகம் கவர்ந்தது தொழுநோய்ப் பணி. மடங்கிப்போன விரல்களைத் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவையால் நிமிர்த்தலாம் என்று அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இங்கேதான் காட்டினார். விரல்கள் அழுகி விழுவதில்லை, உணர்விழந்த கையில் ஏற்படும் காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்ற அவருடைய விளக்கம், நோயாளியைத் தொடவே அஞ்சிய காலத்தில் பெரிய விடுதலை. வெறும் பரிதாபத்தால் இது நடந்திருக்காது.

இன்றோ மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்க மொழிப் பெயர்ப்பலகைகளைக் காணலாம். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் கோப்புகளை மார்போடு அணைத்தபடி அவ்வளவு பேர் வருகிறார்கள். இத்தனை கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் நின்று பேச மருத்துவருக்கு நேரம் குறைவுதான். இலவச மருத்துவமனை என்று நினைத்து வரவும் கூடாது. கட்டணம் உண்டு, இயலாதவர்களுக்குச் சலுகையும் உண்டு. முன்பதிவு செய்துகொண்டு, பழைய அறிக்கைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். சில துறைகள் இராணிப்பேட்டை வளாகத்தில் இயங்குவதால், எங்கே செல்ல வேண்டும் என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்வது நல்லது.