கென்வுட் பெண்கள் குளம், லண்டன்: நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும் போங்கள்

லண்டனில் குளோரின் வாடை இல்லாத தண்ணீரில் நீந்த வேண்டும், அதுவும் யாரும் முறைத்துப் பார்க்காத இடமாக இருக்க வேண்டும் என்று கேட்கும் பெண்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது இந்தக் குளத்தைத்தான். வடக்கு லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்ற பெரிய திறந்தவெளிப் பூங்காவின் ஹைகேட் பக்கம், மில்ஃபீல்டு லேன் ஓரமாக மரங்களுக்குள் மறைந்து கிடக்கிறது. ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். 1925-லிருந்து இது பெண்களுக்கு மட்டும். உள்ளே படம் எடுக்கவும் கூடாது. யாராவது செல்ஃபி எடுக்கும்போது பின்னால் நாம் ஈரத்தலையோடு மாட்டிக்கொள்வோமோ என்ற கவலையே இல்லை, இதற்கே நான் பாதி மார்க் போட்டுவிடுவேன்.

குளம் பெரியதில்லை. சுற்றிலும் மரம், கிளைகள் தண்ணீர் வரை தாழ்ந்திருக்கும், நடுவில் நீந்தும் எல்லையைக் காட்டும் மிதவைகள். இயற்கையாக உண்டான குளம் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் ஹீத்தின் குளங்கள் பழைய காலத்தில் லண்டனுக்குக் குடிநீர் கொடுக்க, ஃப்ளீட் ஆற்றின் ஊற்று ஓடைகளை மறித்துக் கட்டியவை. அந்த ஆறு இன்று நகரத்துக்கு அடியில் சாக்கடையாக ஓடுகிறது, தலைமாட்டில் மட்டும் இப்படி மிச்சம் இருக்கிறது.

சரி, நீச்சலுக்கு வருவோம். படித்துறை, சரிவான கரை, இடுப்பளவுத் தண்ணீர் எதுவும் கிடையாது. மேடையிலிருந்து ஏணியைப் பிடித்து இறங்க வேண்டும், கடைசிப் படியை விட்டதும் கால் எட்டாத ஆழம்தான். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், கையை நீட்டினால் முழங்கைக்கு அப்பால் தெளிவாகத் தெரியாது. ஊரில் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. நீச்சல் குளத்தின் நீலத் தரையைப் பார்த்தே பழகியவர்களுக்கு முதலில் வயிற்றைக் கலக்கும். கொஞ்சம் தெரியும், சமாளித்துக்கொள்ளலாம் என்ற கதை இங்கே எடுபடாது. லைஃப்கார்டுகள் ஆண்டு முழுவதும் இருக்கிறார்கள், கண்ணும் கருத்துமாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் இருப்பது நமக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க அல்ல.

அன்றைய தண்ணீரின் வெப்பநிலையைப் பலகையில் எழுதி வைப்பார்கள், அதைப் படிக்காமல் இறங்காதீர்கள். கோடையில் 20 டிகிரியைத் தாண்டும், ஜனவரியில் நாலு ஐந்து டிகிரிக்கு இறங்கிவிடும். அவ்வளவு குளிர்ந்த நீரில் விழுந்தவுடன் மூச்சு தானாகவே வாரி இழுக்கும், அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் ஆபத்து. அதனால் குதிக்காமல் ஏணியில் மெதுவாக இறங்கி, பிடியை விடாமலே மூச்சு சீராகும் வரை காத்திருந்து, அப்புறம் நீந்துவது நல்லது. குளிர்காலத்திலும் விடாமல் வரும் பாட்டிமார்கள் சிலர் கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஒரு சுற்று போய்விட்டு வந்து, ஃப்ளாஸ்கைத் திறந்து சாவகாசமாகத் தேநீர் குடிப்பார்கள், பார்க்கும் நமக்குத்தான் பல் கிட்டிக்கும்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தண்ணீர் மட்டத்தில் நம் முகம் இருக்கும்போது ஒரு தாழைக்கோழி தன் கருப்புப் பஞ்சுக் குஞ்சுகளோடு, சிவந்த அலகை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் கடந்து போகும். நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காது. அடுத்த குளமே பறவைகளுக்கென்று விட்டிருக்கும் சரணாலயம் என்பதால் வாத்துகளுக்கும் குறைவில்லை, அதிர்ஷ்டம் இருந்தால் மீன்கொத்தியும் தெரியும்.

குறைகளும் உண்டு. வெயில் அடிக்கும் சனி, ஞாயிறுகளில் கூட்டம் அம்மும், வரிசையில் நிற்க வேண்டிவரும், பக்கத்துப் புல்வெளியில் துண்டு விரிக்க இடம் கிடைக்காது. முன்பெல்லாம் விருப்பப்பட்டவர்கள் போடும் காசுதான், 2020-ல் கட்டணத்தைக் கட்டாயமாக்கியபோது பழைய ஆட்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வயிற்றுப்பாட்டுக்குக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது சுமைதான் என்பதால் எனக்கும் அதில் வருத்தம் உண்டு. வருடம் முழுவதும் ஆள் போட்டுக் காவல் காக்கச் செலவாகும் என்பதும் புரிகிறது. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. குடும்பத்தோடு புளிசோறு கட்டிக்கொண்டு போகும் இடமாக நினைத்தால் ஏமாந்துதான் போவீர்கள்.

கணவர் கூட வந்தால் அவருக்கு அதே வரிசையில் கீழே ஆண்கள் குளம் இருக்கிறது, ஹீத்தின் மறுபக்கம் இருபாலருக்குமான குளமும் இருக்கிறது. தண்ணீரே வேண்டாம் என்பவரை மேலே கென்வுட் மாளிகையில் விட்டுவிடுங்கள், ஓவியங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை, காபியும் கிடைக்கும். 210 பேருந்து அந்த மாளிகை வாசலிலேயே நிற்கும், அங்கிருந்து குளத்துக்கு இறக்கம். திரும்பும்போது ஏற்றம், ஈரத்துணிப் பையோடு, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.