மாவுக்கட்டா, பிரேஸா? பிராடர்-வில்லி குழந்தையின் வளைந்த முதுகுக்கு

பிராடர்-வில்லி என்பது பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறு; இதில் முதுகு பக்கவாட்டில் வளைவது சகஜம். அதற்கு உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு போடுவார்கள், அல்லது பிரேஸ் எனும் கழற்றி மாட்டும் கவசத்தைப் போடுவார்கள். மும்பையில் ஜூன் மழை தொடங்கிவிட்டால் வேர்வை காயாது. அதனால் செம்பூர், தாராவிப் பக்கம் பெற்றோரின் முதல் கேள்வியே "கட்டோடு எப்படிக் குளிப்பாட்டுவது?" என்பதுதான். முடியாது, ஈரத்துணியால் துடைக்கலாம், அவ்வளவே.

பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் மாவுக்கட்டு போடுவார்கள். 2 வயதுக்குள் சுமார் 2 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கழற்ற முடியாததே அதன் பலம். பிஞ்சு வயதில் வளைவு குறைய வாய்ப்பு இதில்தான் அதிகம். ஆனால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் குழந்தைக்கு ஒவ்வொரு மயக்கமும் கவலைதான். வயிறு விரிய முன்பக்கம் ஜன்னல் வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இக்குழந்தைகள் லேசில் வாந்தி எடுப்பதில்லை. எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பிரேஸைக் கழற்றலாம், கழற்றியே வைத்துவிடுவதுதான் சிக்கல். அடியில் சுருக்கமில்லாத பருத்தி பனியன் போடுங்கள். கழற்றி அரை மணி கழித்தும் சிவப்பு மறையாவிட்டால் உள்ளே இருக்கும் மெத்தையை (பேட்) மாற்றச் சொல்லுங்கள். அழட்டும், பார்க்கலாம் என்றிருக்காதீர்கள்: இவர்களுக்கு வலி உணர்வு குறைவு, புண்ணைக் கிள்ளும் பழக்கமும் உண்டு. எடை கூடினாலும் பிரேஸ் இறுகும்.

மூச்சுப் பரிசோதனை சரியாக இருந்தால், சின்னக் குழந்தைக்கு மாவுக்கட்டுதான் முதலில். நடுவில் கொஞ்ச நாள் பிரேஸுக்கு மாற்றித் தரும் மருத்துவர்களும் உண்டு; மழைக்காலத்துக்கு அதைக் கேட்டுப் பாருங்கள்.