குரோஸ் மாற்றியதாகப் பில், வண்டிக்கு அடியில் அதே பழைய குரோஸ்

பழைய பிக்கப் வைத்திருக்கும் கொழும்புக்காரர்கள் இதைத் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். ஓடும்போது வண்டி அதிர்கிறது என்று கராஜுக்குப் போன என்னிடம், கெட்டுப்போகாத கிளச்சுக்கும் காசு வாங்கினார்கள், மாற்றாத குரோஸுக்கும் காசு வாங்கினார்கள். குரோஸ் என்பது, கியர்பொக்ஸிலிருந்து பின்சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பலர் ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் சிலுவை வடிவ மூட்டு. கடைசியில் வண்டியை முன்பிருந்ததைவிட மோசமாக்கித் தந்தார்கள்.

வண்டி தொண்ணூறுகளில் வந்த ஹைலக்ஸ் டபுள் கெப், டீசல். கடைக்குச் சாமான் ஏற்றுவதும் பிள்ளைகளோடு நீர்கொழும்பு போவதும் அதில்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தாலும், வரியோடு சேர்த்துப் புது டபுள் கெப் வாங்குவது நம்மால் ஆகிற காரியமா? இருப்பதைத் திருத்தித் திருத்தித்தான் ஓட வேண்டும். அது கராஜ்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

கோளாறு இதுதான். கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் எழுபதைத் தாண்டினால் இருக்கைக்கு அடியில் ஒரு அதிர்வு. ஸ்டியரிங்கில் எதுவும் இல்லை, தரையில் வைத்த பாதம் மட்டும் கூசும். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம்.

கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பாஸ் (தலைமை மெக்கானிக்) வண்டியை ஓட்டிப் பார்க்கவே இல்லை. பொனட்டைத் திறந்து, எஞ்சினை உறுமவிட்டுவிட்டு, “கிளச் முடிஞ்சுது சேர், கியர்பொக்ஸ இறக்கோணும். அப்படியே புரொப்பலர் குரோஸ் ரெண்டும் போட்டுருவம், ஜப்பான் சாமான்” என்றார். கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங், கியர்பொக்ஸ் மவுன்ட், குரோஸ், கூலி என்று பில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பழைய சாமான்களைக் கேட்டேன். ஒரு பையில் போட்டுக் கையில் தந்தார்கள்.

அன்று மாலையே பேஸ்லைன் வீதியில் நாற்பதிலேயே வண்டி அதிரத் தொடங்கிவிட்டது. திரும்பப் போய்ச் சொன்னால், “அப்ப டிஃபரன்ஷியல்தான் சேர், கழட்டிப் பார்ப்பம்” என்கிறார்கள், பின்அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியைத்தான் சொல்கிறார்கள். அதற்கும் முன்பணம் கேட்டார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் நண்பர் ஒருவர் ஆமர் வீதிப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் அனுப்பினார். அவர் பொனட்டைத் தொடவே இல்லை. “எத்தனையில அதிருது தம்பி?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அதிர்வு வரும் வேகத்துக்குப் போனதும் கியரை நியூட்ரலுக்கு எடுக்கச் சொன்னார். எஞ்சின் சத்தம் இறங்கியது, அதிர்வு மட்டும் குறையாமல் அப்படியே இருந்தது. பிறகு அதே வேகத்தில் நான்காம் கியர், ஐந்தாம் கியர். எஞ்சின் சுற்று மாறுகிறது, அதிர்வு மாறவில்லை. “அப்ப எஞ்சினும் இல்ல, கிளச்சும் இல்ல. கியர்பொக்ஸுக்குப் பின்னாலதான்” என்றார். இவ்வளவுக்கும் ஒரு ஸ்பேனர்கூடக் கையில் எடுக்கவில்லை.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். நேரான, சமமான பாதையாக இருக்கட்டும், பின்னால் வாகனம் வரக்கூடாது. சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள், பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். கிளச் குலுக்கம் என்பது பெடலை விட்டு வண்டி கிளம்பும் அந்த நேரத்தில் வருவது. பெடல் முழுதாக மேலே வந்த பிறகு எழுபதில் வரும் அதிர்வுக்குக் கிளச்சைக் கழற்றச் சொல்பவர், ஒன்றில் வேலை தெரியாதவர், இல்லையென்றால் உங்கள் பர்ஸைப் பார்ப்பவர்.

டயரா, ஷாஃப்டா என்றும் உட்கார்ந்த இடத்திலேயே ஓரளவு பிரித்தறியலாம். இந்த மாதிரி வண்டிகளில் பின்சில்லு ஒருமுறை சுற்றுவதற்குள் புரொப்பலர் ஷாஃப்ட் நான்கு தடவையளவு சுற்றிவிடும். ஆகவே டயர் அதிர்வு மெதுவான ஆட்டமாக வரும். முன்டயர் என்றால் பெரும்பாலும் ஸ்டியரிங்கில் தெரியும். ஷாஃப்ட் அதிர்வோ, மேசையில் வைத்த போன் வைப்ரேட் ஆவது போலத் தரையில் பொடியாக வரும்.

பிறகு வண்டியைக் குழிமேல் விட்டு என்னையும் கீழே கூப்பிட்டார். டோர்ச் வெளிச்சத்தில் நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். பின்பக்கக் குரோஸின் கப்பை, அதாவது அதன் நுனியை மூடும் கிண்ணத்தை, சுற்றி மிளகாய்த்தூள் நிறத்தில் துருப்பொடி. உள்ளே கிரீஸ் காய்ந்து ஊசி பெயாரிங் அரைபட்டால் வெளியே வருவது அதுதான். கப் வெளியே வராமல் பிடிக்கும் வளையமான சர்க்லிப் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் சேறு கல்லாக இறுகிக் கிடந்தது, ஒரு கீறல்கூட இல்லை. சர்க்லிப்பைக் கழற்றாமல் குரோஸை மாற்றவே முடியாது. கையில் பில் இருக்கிறது, ‘புரொப்பலர் குரோஸ் 2’ என்று.

அந்தப் பழைய சாமான் பையை வண்டியிலேயே வைத்திருந்தேன். அந்த மெக்கானிக் ஐயா அதிலிருந்த குரோஸை எடுத்து வேர்னியர் அளவுகோலால் கப்பை அளந்தார். என் வண்டியின் கப்போடு ஒத்துவரவே இல்லை, சிறியது. எந்த வண்டியில் கழற்றியதோ!

நாற்பதில் வந்த புதிய அதிர்வுக்கும் காரணம் அங்கேயே இருந்தது. கியர்பொக்ஸை இறக்க ஷாஃப்டைக் கழற்றியவர்கள், அடையாளம் போடாமல் ஸ்பிளைனில் (ஷாஃப்டின் இரு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல்வரிசையில்) ஒரு பல் தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள். கம்பனி போட்ட அம்புக்குறிகள் ஒன்றையொன்று பார்க்காமல் விலகி நின்றன. குரோஸ் கோணத்தில் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். ஒரு முனையில் கூடுவதை மறுமுனை குறைத்துச் சமப்படுத்த வேண்டுமென்றால் இரு முனை யோக்கும் (குரோஸைப் பிடிக்கும் கவையும்) ஒரே நேரில் நிற்க வேண்டும். ஒரு பல் விலகினாலும் அந்தக் கணக்கு பிழைத்துவிடும்.

பஞ்சிகாவத்தையில் நானே போய்க் குரோஸ் இரண்டும் வாங்கிவந்தேன். ஐயா என் கண்முன்னே பூட்டி, கிரீஸ் அடித்து, அம்புக்குறியை நேராக்கித் தந்தார். அதிர்வும் இல்லை, ‘டங்’ சத்தமும் இல்லை. மொத்தச் செலவு முதல் பில்லில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

காசைவிட எனக்கு வயிற்றெரிச்சல் இன்னொன்று. குரோஸ் ஓட்டத்தில் உடைந்தால் ஷாஃப்ட் கழன்று விழும்; விழுவது முன்முனையாக இருந்தால், அது ரோட்டில் குத்தி வண்டியையே தூக்கிவிடக்கூடும். “புதுசு போட்டாச்சு” என்ற வார்த்தையை நம்பி, பின்சீட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான் ஓடியிருக்கிறேன்.

பழைய சாமானைக் கேட்டு வாங்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது, நான் கேட்டுத்தான் வாங்கினேன். வண்டியைக் கொடுக்கும் முன் கீழே குனிந்து குரோஸ், யோக், ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பெயாரிங் இருந்தால் அது எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். குரோஸ் கப்பில் நெயில் பொலிஷால் ஒரு பொட்டு வையுங்கள். அதே பொட்டோடு பழைய குரோஸ் கைக்கு வந்தால்தான் பில்லுக்குக் காசு. ஸ்பிளைனின் இரு பக்கமும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டால் திரும்பப் பூட்டும்போது விலகியதும் தெரிந்துவிடும். ஓட்டிப் பார்க்காமல் சாமான் பெயர் சொல்லும் கராஜில் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வேலை செய்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், இப்படி மாட்டியவர்கள் தள்ளிப்போடாதீர்கள். அவர்களின் அவசர இலக்கம் 1977. பில்லின் பிரதியும் குழியில் எடுத்த படங்களும் சேர்த்து அனுப்பியாகிவிட்டது. விசாரணைக்குக் கூப்பிட்டால், என் வண்டியில் கழற்றிய குரோஸையும் பையில் தந்த குரோஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.