மண்டபம் சர்வர் அறைக்கு லஸ்டரா, செஃபா?

லஸ்டர், செஃப் இரண்டும் பல சர்வர்களின் டிஸ்குகளை ஒரே பெரிய சேமிப்பிடமாக்கும் மென்பொருள்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கடலடியில் எடுத்த பவளப்பாறைப் படங்களைச் சேர்த்துவைக்கத் திட்டம் போட்டால், எல்லோரும் கேட்பது "எத்தனை டெராபைட் வேணும்?" என்பதைத்தான். நான் முதலில் கேட்பது "எத்தனை ஃபைல்?"

காரணம் உண்டு. ஒருநாள் காலையில் உடன் வேலை செய்யும் தம்பி போன் பண்ணினார். "அண்ணே, இடம் இல்லைன்னு சொல்லுது. பார்த்தா பாதி டிஸ்க் காலியா கிடக்கு." அது எங்கள் பழைய லஸ்டர். ஐநோடு, அதாவது ஃபைலுக்கு ஒன்று வீதம் தேவைப்படும் பதிவிடம், அதன் கணக்கைப் பார்த்தேன், 100 சதவீதம் தீர்ந்திருந்தது. ஒவ்வொரு படத்தையும் கணினிப் பயிற்சிக்காக 64 துண்டாக வெட்டியிருந்தோம். அதோடு ஒரு சின்னப் படம், ஒரு குறிப்பு. மூலப் படத்தையும் சேர்த்தால் ஒரு படத்துக்கு 67 ஃபைல். படம் 5 எம்பி என்று வைத்தால் 100 டெராபைட்டில் 2 கோடி படம், 134 கோடி ஃபைல்!

லஸ்டரில் ஃபைலின் பெயர், அனுமதி, எந்த டிஸ்கில் இருக்கிறது என்ற விவரமெல்லாம் தனி மெட்டாடேட்டா சர்வரில் இருக்கும். அதன் டிஸ்கை எல்டிஸ்க்எஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பு முறையில் ஃபார்மேட் செய்யும்போது, வழக்கமாக 2560 பைட்டுக்கு ஓர் ஐநோடு. 1 டெராபைட்டுக்குச் சுமார் 39 கோடி. அந்த விகிதத்தை அப்புறம் மாற்ற முடியாது. டிஸ்கைப் பெரிதாக்கலாம், இன்னொரு மெட்டாடேட்டா டிஸ்க் சேர்க்கலாம், அல்லது முதலிலேயே, ஐநோடை முன்கூட்டி எண்ணி வைக்காத இசட்எஃப்எஸ் முறையை எடுத்திருக்கலாம். வேகத்தில் லஸ்டரை நான் குறை சொல்லவே மாட்டேன். 2.11 பதிப்பிலிருந்து சிறு ஃபைலை மெட்டாடேட்டா டிஸ்கிலேயே வைக்கலாம், படிக்க இன்னொரு சர்வருக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் முதல் மெட்டாடேட்டா டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. அதைக் காப்பது பெரும்பாலும் அடியில் இருக்கும் ரெய்டின் (பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவைக் காக்கும் அமைப்பு) பொறுப்பு.

ஹடூப்பின் ஃபைல் சேமிப்பு முறையான ஹெச்டிஎஃப்எஸ் எங்களுக்கு ஒத்துவராது. ஃபைலுக்கு ஒன்று, பிளாக்குக்கு ஒன்று என்று தலா சுமார் 150 பைட், ஃபைல் விவரங்களை வைத்திருக்கும் நேம்நோடு சர்வரின் ரேமில் உட்காரும். 100 கோடி சிறு ஃபைலுக்கு 300 ஜிபி.

செஃபில் மெட்டாடேட்டாவும் அதே கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டத்தில்) ஒரு பூலாக, அதாவது தனிச் சேமிப்புப் பிரிவாக இருக்கும். அதை எஸ்எஸ்டியில் 3 பிரதியாக வைக்கலாம். மெட்டாடேட்டா சர்வருக்கென்று தனி டிஸ்க் இல்லை, ஒன்று விழுந்தால் காத்திருக்கும் இன்னொன்று ஏற்றுக்கொள்ளும். ரேம்தான் தின்னும். ஒரு டிஸ்குக்கு இயல்பாக 4 ஜிபி இலக்கு, 12 டிஸ்க் உள்ள சர்வர் பெட்டிக்கு அதற்கே 48 ஜிபி. மெட்டாடேட்டா சர்வரின் கேஷும் இயல்பாக 4 ஜிபிதான், முதல் நாளே கூட்டிவிட வேண்டும். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இடம் மிச்சமாகுமே என்று 4+2 இரேஷர் கோடிங்கில் (தரவை 4 பங்காக்கி, 2 காப்புப் பங்கு சேர்க்கும் முறை) எல்லாவற்றையும் போட்டால், ஒவ்வொரு பங்கும் குறைந்தது 4 கேபி எடுப்பதால் 3 கேபி குறிப்பு ஒன்று 24 கேபி பிடிக்கும். 3 பிரதி வைத்தால் 12 கேபிதான். அதனால் மூலப் படங்கள் இரேஷர் பூலில், துண்டுகளும் குறிப்புகளும் பிரதி பூலில் என்று ஃபோல்டர் வாரியாகப் பிரித்துவிட்டோம்.

கடைசியில் முடிவு செய்தது உப்புதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஏசி ஃபில்டரைக் கழற்றினால் தூசியும் உப்பும் ஈரச் சாந்துபோல் கையில் ஒட்டும். ரேக் திருகுகளில் துரு பிடித்திருக்கும். இங்கே பெட்டி பழுதாகும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். செஃபில் பழுதான பெட்டியை உருவிவிட்டால், வேறு பெட்டியில் இடம் இருக்கும்வரை மிச்சப் பெட்டிகள் தாமே பிரதி எடுத்துக்கொள்ளும். லஸ்டருக்கு மதுரையிலிருந்து ஆள் வரவேண்டும். மதுரையிலேயே, மூடிய அறையில், ஜிபியுவில் (கணினிப் பயிற்சிக்கான வேகமான செயலியில்) ஓடும் வேலைக்கென்றால் நானே லஸ்டரைத்தான் எடுப்பேன்.

மண்டபத்துக்கு செஃப். மானிட்டர் 3, யுபிஎஸ்ஸும் 3. இங்கே மானிட்டர் என்பது திரை அல்ல, கிளஸ்டரின் நிலையை ஓட்டுப்போட்டு முடிவு செய்யும் செஃப் நிரல். இரண்டு மானிட்டரை ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டி அது அணைந்தால், மீதி ஒன்றுக்குப் பெரும்பான்மை இல்லாமல் மொத்தக் கிளஸ்டரும் நின்றுவிடும்.