தோள் அறுவை சிகிச்சைக்குப் பின் நரம்பு பிளாக்: ஒற்றை ஊசியா, பம்ப்பா?

தோள் அறுவை சிகிச்சை முடிந்த முதல் நாள் வலியை அடக்குவதில் இன்டர்ஸ்கேலீன் பிளாக் (தோளுக்கும் கைக்கும் செல்லும் நரம்புகளைக் கழுத்தருகே மரக்கச் செய்யும் ஊசி) பிரமாதமானது. கழுத்தின் பக்கவாட்டில், அல்ட்ராசவுண்டில் நரம்புகளைப் பார்த்தபடியே ரோபிவகைன் அல்லது பியூபிவகைன் என்ற மரப்பு மருந்தை 10 முதல் 20 மி.லி. வரை செலுத்துவார்கள். தோளும் மேற்கையும் மரத்துவிடும். மார்ஃபின் வகை மருந்து குறைவாகவே தேவைப்படும் என்பதால் குமட்டலும் குறையும்.

சிக்கல் மரப்பு இறங்கும்போதுதான். ஒற்றை ஊசி பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம் தாங்கும். காலையில் அறுவை என்றால் நள்ளிரவில்தான் மரப்பு விலகும். வலி ஒரேயடியாக ஏறும். வலி வந்த பிறகு மாத்திரை தேடினால் அது வேலை செய்யவே முக்கால் மணி நேரம் ஆகும். வலியே இல்லாவிட்டாலும் பாராசிட்டமாலை நேரம் தவறாமல் எடுக்க வேண்டும்; எழுதிக்கொடுத்த வீரிய மாத்திரையை விரல்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு தொடங்கியதுமே போட்டுவிட வேண்டும். இந்த அட்டவணையைக் கையில் தராமல் வீட்டுக்கு அனுப்பும் சேவை அரைகுறைதான்.

ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள்) தையல், மூட்டு மாற்று போன்ற கடும் வலி தரும் அறுவைகளுக்கு பம்ப்பே மேல். நரம்பருகே வைத்த கத்தீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியே பம்ப்பிலிருந்து 0.2% ரோபிவகைன் இரண்டு மூன்று நாள் சொட்டிக்கொண்டிருக்கும். ஆனால் கழுத்து அசைய அசையக் குழாய் நழுவும். பிளாஸ்டர் நனைந்து, வலியும் ஏறினால் மருந்து வெளியே கசிகிறது என்று பொருள். உதடு மரப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் வந்தால் மருந்து ரத்தத்தில் கூடியிருக்கலாம்: உடனே குழாயை அடைக்கும் கிளாம்ப்பை மூடிவிட்டு அவசர உதவியை அழையுங்கள்.

அந்தப் பக்கக் கண்ணிமை தொங்குவதும் குரல் கரகரப்பதும் பிளாக்கோடு சேர்ந்தே போய்விடும். மூச்சு விஷயம் அப்படி லேசானதல்ல. மூச்சிழுக்கும் தசையான உதரவிதானத்தின் ஒரு பாதி தற்காலிகமாகச் செயலிழப்பது மிகச் சாதாரணம். மருந்தளவைக் குறைத்தால் அந்த வாய்ப்பும் குறையும். நல்ல நுரையீரல் சமாளித்துவிடும், சாய்ந்து உட்கார்ந்தால் போதும். தீவிர நுரையீரல் நோய் இருந்தால் சுப்ராஸ்கேப்புலர், ஆக்சிலரி என்ற தோள் நரம்புகளை மட்டும் மரக்கச் செய்யும் முறையை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வலி அடக்கம் சற்றுக் குறைந்தாலும் மூச்சுக்கு அதுவே பாதுகாப்பு.

மரத்த கைக்குச் சூடும் அழுத்தமும் தெரியாது. கையைத் தாங்கும் ஸ்லிங்கின் விளிம்பு முழங்கையில் பதிகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒற்றை ஊசி போட்டு 48 மணி நேரம் கழிந்தும் விரல்கள் மரத்தே இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.