குடும்ப மருத்துவம்: டி.என்.பி.யா, தொலைநிலைப் பட்டயமா?

எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு, தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் முதுநிலைத் தகுதியான டி.என்.பி. குடும்ப மருத்துவம் 3 ஆண்டு முழுநேரப் படிப்பு. முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யின் மதிப்பெண் வேண்டும், உதவித்தொகை உண்டு, படிக்கும் காலத்தில் தனியே கிளினிக் நடத்த முடியாது. பிரசவ அறை, குழந்தைகள் வார்டு, அவசரப் பிரிவு என்று சுழற்சியில் கை பழகும். பலர் சறுக்குவது ஆய்வேட்டில்: தலைப்பைப் பெரிதாக எடுத்து, நோயாளி எண்ணிக்கை சேராமல் தவிப்பார்கள். சர்க்கரை நோயாளியின் பாதப் பரிசோதனை போல, புறநோயாளிப் பிரிவில் தினமும் வருவதையே எடுங்கள்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) தொலைநிலைப் பட்டயம் (டிப்ளமோ) 2 ஆண்டு. நீட் பி.ஜி. தேவையில்லை, கிளினிக்கை மூடவும் வேண்டாம். காலையில் படித்ததை மாலை நோயாளியிடமே பயன்படுத்தலாம். ஆனால் இதை வைத்து மருத்துவ கவுன்சிலில் நிபுணராகப் பதிய முடியாது. பேராசிரியர் பணியே குறிக்கோள் என்றால் தயங்காமல் டி.என்.பி.; ஊரில் ஏற்கெனவே நோயாளிகள் இருந்தால் பட்டயமே என் தேர்வு.